நாடாவில் பாதி, டெக்கில் பாதி

திருவனந்தபுரத்தில் கரமனை ஆற்றை ஒட்டிய எங்கள் அக்கிரகாரத் தெருவில், போன மழைக்காலம் முடிந்த கையோடு எதிர்வீட்டு மாமி ஒரு துணிப்பையைத் தூக்கிக்கொண்டு வந்தார். பைக்குள் மூன்று பொருள்கள். மூத்த மகள் கல்யாணம், 1989, வி.எச்.எஸ். கேசட். இளைய மகள் கல்யாணம், 2001, இரண்டு வி.சி.டி. பேரன் உபநயனம், 2009, ஒரு டி.வி.டி. ஒரே வீட்டின் இருபது வருஷம் மூன்று விதமான பெட்டிகளில் அடைந்து கிடந்தது.

"மாமாவோட குரல் இந்தக் கேசட்ல இருக்கு அம்பி. புது டிவியில இதைச் சொருக எடமே இல்லைங்கறான் பேரன். ஒரு தடவை கேட்டாப் போரும் எனக்கு."

இந்தக் கேள்விக்குக் கடைத்தெருவில் தயாராக ஒரு பதில் உண்டு. தீப்பெட்டியைவிடச் சற்றுப் பெரிய ஒரு கன்வெர்ட்டர் டப்பா. ஒரு பக்கம் மஞ்சள், வெள்ளை, சிவப்பு என்று மூன்று பின்னைச் செருகினால் மறுபக்கம் எச்.டி.எம்.ஐ. வரும், ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கும். கேட்பவர் எல்லோருக்கும், எந்தப் பிளேயராக இருந்தாலும், இதே பதில்தான். இந்தப் பதில் டிவியின் பின்பக்கத்துத் துளையைப் பார்த்துச் சொல்லப்பட்டது. பைக்குள் இருப்பது என்ன என்று பார்க்கவில்லை. மாமியின் மூன்று பொருள்களையும் எங்கள் வீட்டு 43 அங்குல 4கே டிவியில் பல வழிகளில் போட்டுப் பார்த்தேன். அந்தச் சோதனையையும், அதற்குப் பின்னால் இருக்கும் காரணங்களையும் எடை போட்டு ஒரு முடிவுக்கு வருவதுதான் இந்தக் கட்டுரை.

முதலில் அளவுகோல். எந்த வழி நல்லது என்று சொல்ல நான்கு கேள்விகள் வேண்டும். உருவம் சிதையாமல் வருகிறதா? அசைவு இயல்பாக இருக்கிறதா? படம் நடுநடுவே அறுந்து போகாமல் நிற்கிறதா? நான்காவது கேள்வியை யாரும் கேட்பதில்லை, ஆனால் எல்லாவற்றிலும் முக்கியமானது அதுதான்: ஒருமுறை போட்டுப் பார்ப்பதால் மூலத்துக்கு என்ன சேதம்? கூர்மையை நான் வேண்டுமென்றே பட்டியலில் சேர்க்கவில்லை. அதற்கு வெறும் கணக்கே பதில் சொல்லிவிடும். ஒரு 4கே திரையில் 3840 பெருக்கல் 2160, அதாவது ஏறத்தாழ 83 லட்சம் புள்ளிகள். நம் ஊர் டி.வி.டி. படத்தில் 720 பெருக்கல் 576. வகுத்துப் பார்த்தால் சரியாக இருபதில் ஒரு பங்கு. வி.சி.டி.யில் 352 பெருக்கல் 288. அது எண்பத்திரண்டில் ஒரு பங்கு. எந்த டப்பாவாலும் இல்லாத புள்ளியைக் கொண்டுவர முடியாது. ஒரு புள்ளியை இருபது புள்ளியாகவோ எண்பது புள்ளியாகவோ பரப்பத்தான் முடியும். ஆகவே கூர்மையை வைத்து எந்த வழியையும் புகழவோ பழிக்கவோ நியாயமில்லை.

இனி அந்த மஞ்சள் பின். நம் தலைமுறைக்கு வீடியோ என்றால் அதுதான். 1982 ஆசிய விளையாட்டுப் போட்டியை ஒட்டி நாட்டில் வண்ணத் தொலைக்காட்சி வந்தது. அதே காலத்தில்தான் வளைகுடாவுக்கு வேலைக்குப் போனவர்கள் வி.சி.ஆரை அட்டைப்பெட்டியோடு தோளில் தூக்கிக்கொண்டு திருவனந்தபுரம் விமான நிலையத்தில் இறங்கினார்கள். மாமியின் டெக்கும் அப்படி வந்ததுதான், அவருடைய தம்பி துபாயிலிருந்து கொண்டுவந்தது. தமிழ்நாட்டில் இதை 'டெக்கு' என்று வாடகைக்கு எடுத்து ராவெல்லாம் படம் பார்த்தார்கள். இங்கே அது கல்ஃப் வீடுகளின் அடையாளமாக வரவேற்பறையில் உட்கார்ந்தது. கல்யாணங்களில் வெளிச்சக் குடையோடு வீடியோக்காரர் நுழைந்ததும் அப்போதுதான்.

அந்த மஞ்சள் கம்பியில் படத்தின் வெளிச்சமும் வண்ணமும் ஒன்றாகக் கலந்து போகின்றன. நம் ஊரின் 'பால்' (PAL) ஒளிபரப்பு முறையில் ஒரு படத்துக்கு 625 வரி, நொடிக்கு 25 படம். ஒவ்வொரு படமும் ஒற்றை வரிகள் ஒரு தடவை, இரட்டை வரிகள் ஒரு தடவை என்று இரண்டு பாதியாக வரும். ஆக நொடிக்கு 50 அரைப்படங்கள். பிக்சர் டியூப் டிவி இதை அப்படியே, வந்த வரிசையில், திரையில் கோடு கோடாக வரைந்துவிடும். இன்றைய டிவிக்கு அப்படி வரையத் தெரியாது. வெளிச்சத்தையும் வண்ணத்தையும் பிரிக்க வேண்டும், இரண்டு பாதியையும் சேர்க்க வேண்டும், எண்ணாக மாற்ற வேண்டும், பெரிதாக்க வேண்டும். இந்த நான்கு வேலையையும் யாராவது செய்தே தீர வேண்டும். டப்பா செய்யுமா, டிவியே செய்யுமா, பிளேயர் செய்யுமா என்பதுதான் வழிகளுக்குள் இருக்கும் வித்தியாசம்.

கன்வெர்ட்டர் டப்பாவிலிருந்து தொடங்குகிறேன். 2001 கல்யாணத்து வி.சி.டி.யைப் போட்டேன். ஆரத்தி எடுக்கும் காட்சி. தட்டு முட்டை வடிவமாகப் படுத்துக் கிடந்தது. பழைய படம் நாலுக்கு மூன்று. புதுத் திரை பதினாறுக்கு ஒன்பது. டப்பா இதைப் பற்றி விசாரிக்காமல் திரை முழுவதும் இழுத்து நிரப்பிவிட்டது. அகலம் மூன்றில் ஒரு பங்கு கூடிவிட்டதால் எல்லோர் முகமும் உப்பியிருந்தது. டிவியிலாவது நாலுக்கு மூன்று என்று மாற்றலாமே என்று பார்த்தால், டப்பாவிலிருந்து வருவது அகலத்திரைப் படம் என்றே டிவி நம்பியது. அந்தத் தேர்வே மங்கிக் கிடந்தது. சில டிவிகளில் மாற்ற முடியும், எங்கள் டிவியில் முடியவில்லை.

அசைவில் நேர்ந்தது இன்னும் மோசம். மாப்பிள்ளை அழைப்பில் கேமரா தவில்காரரை விட்டு நாகஸ்வரக்காரரிடம் திரும்பும் இடத்தில் படம் விக்கி விக்கி நகர்ந்தது. காரணம் எளிது. உள்ளே நொடிக்கு 50 பாதிகள் வருகின்றன. டப்பா வெளியே நொடிக்கு 60 தடவை அனுப்புகிறது. குறைகிற பத்தை ஈடுகட்ட ஐந்துக்கு ஒன்றைத் திரும்பக் காட்டுகிறது. நின்ற இடத்தில் நிற்கும் முகத்தில் இது தெரியாது. தவில்காரர் கை வேகம் பிடிக்கும்போது தெரியும். டப்பாவின் மேல் 720, 1080 என்று ஒரு சின்ன ஸ்விட்ச் இருக்கிறது. அதை எப்படித் தள்ளினாலும் இந்த விக்கல் போகவில்லை. டப்பாவுக்கு மின்சாரம் டிவியின் யு.எஸ்.பி. துளையிலிருந்து எடுத்தால் சில சமயம் அணைந்து எரிகிறது. தனி அடாப்டர் வைத்ததும் அந்தக் குறை மட்டும் தீர்ந்தது. எல்லா டப்பாவும் இப்படித்தான் என்று சொல்லமாட்டேன். பால் முறையை அறிந்து 50இலேயே அனுப்பும், வடிவத்தையும் காக்கும் நல்ல கருவிகள் உண்டு. அவற்றின் விலை பல மடங்கு. கடைத்தெரு கைகாட்டுவது அவற்றை அல்ல.

இரண்டாவது வழியைப் பலர் தேடிப் பார்ப்பதே இல்லை. புது டிவியில் மூன்று வண்ணத் துளைகள் இல்லையென்றால் ஏ.வி. இல்லை என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். பல டிவிகளில் ஹெட்போன் துளை மாதிரி ஒரு சிறு துளை இருக்கும், பக்கத்தில் ஏ.வி. இன் என்று பொடி எழுத்தில் போட்டிருக்கும். அதற்கு ஒரு முனையில் ஒற்றைப் பின்னும் மறுமுனையில் மூன்று வண்ணங்களும் உள்ள கேபிள் வேண்டும். இதில் ஒரு கண்ணி இருக்கிறது. அந்த ஒற்றைப் பின்னில் நான்கு வளையங்கள்; எந்த வளையம் எதற்கு என்பதில் எல்லாத் தயாரிப்பாளரும் ஒத்துப் போவதில்லை. வேறு கருவிக்கான கேபிளைச் செருகினால் 'கொர்' என்ற இரைச்சலோ கறுப்புத் திரையோ வரும். பலர் இந்த இடத்தில் டிவி கெட்டுவிட்டது என்று எண்ணி விட்டுவிடுகிறார்கள். முதலில் வண்ணப் பின்களை ஒன்றுக்கொன்று மாற்றிச் செருகிப் பார்க்கலாம். தரைவளையமே இடம் மாறியிருந்தால் எந்த மாற்றலும் உதவாது. அந்த டிவிக்கு உரிய கேபிளைத்தான் வாங்க வேண்டும். இன்னும் சில டிவிகளில் பச்சை, நீலம், சிவப்புத் துளைகள் இருக்கும். பச்சைத் துளையைச் சுற்றிப் பாதி மஞ்சளாகவும் இருந்தால் மஞ்சள் பின் அங்கேதான் போகும், மெனுவில் ஏ.வி. என்று தேர்ந்தெடுக்க வேண்டும், கம்போனென்ட் என்று விட்டால் படம் கறுப்பு வெள்ளையாக வரலாம்.

சரியான கேபிளை மாட்டியதும் அதே வி.சி.டி., அதே ஆரத்தித் தட்டு. டிவியில் நாலுக்கு மூன்று என்று வைத்தேன். இரு பக்கமும் கறுப்புப் பட்டை விழுந்தது, தட்டு வட்டமாக நின்றது. தவில்காரர் கையும் இயல்பாக வந்தது, ஏனென்றால் நம் ஊரில் விற்கும் டிவிக்கு 50இன் தாளம் தெரியும். உருவம், அசைவு இரண்டிலும் வெறும் கேபிள் டப்பாவை வென்றது. கேபிளின் விலையும் டப்பாவின் விலையில் சிறு பங்குதான்.

மூன்றாவது வழி ஆன்டெனா துளை. பழைய டெக்குகள் தாமே ஒரு குட்டி டிவி நிலையம் போல அலைவரிசை அனுப்பும், பெரும்பாலும் யு.எச்.எஃப். 36ஆம் சேனல் பக்கத்தில். டிவியில் அனலாக் தேடல் இருந்தால் பிடிக்கும். வேறு துளையே இல்லாத டிவிக்கு இது கடைசிப் புகலிடம். படத்தில் புழுதி சற்றுக் கூடும். இதற்குமேல் இதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

டி.வி.டி. பிளேயருக்கு வழிகள் அதிகம். எச்.டி.எம்.ஐ. உள்ள பிளேயராக இருந்தால் கேள்வியே இல்லை, அதுதான் வழி. இல்லாமல் பச்சை, நீலம், சிவப்பு கம்போனென்ட் துளை இரு பக்கமும் இருந்தால் அதை எடுக்க வேண்டும். வெளிச்சமும் வண்ணமும் அங்கே தனித்தனிக் கம்பியில் வருவதால் மாக்கோலத்தின் வெள்ளை இழைகளில் வானவில் நெளிவு வராது. மாமியின் பேரன் உபநயனத்தை இரண்டு விதமாகவும் பார்த்தேன்: மஞ்சள் கம்பியில் ஜரிகைக் கரை மின்னி நெளிந்தது, கம்போனென்டில் அடங்கி நின்றது.

இங்கே நிறுத்தி ஒரு கேள்வி கேட்க வேண்டும். வி.சி.டி., டி.வி.டி. என்ற தட்டுக்கு இந்தப் பிளேயர் தேவையா? வி.சி.டி.யைக் கணினியில் போட்டு எம்பெக்ஏவி என்ற ஃபோல்டரைத் திறந்தால் உள்ளே டாட் (.dat) என்று முடியும் ஒரு கோப்பு இருக்கும். படம் முழுவதும் அதுதான். அதை அப்படியே நகலெடுக்கலாம், வி.எல்.சி. என்ற மென்பொருள் திறந்து காட்டும். வீட்டு விசேஷத்து டி.வி.டி.யும் அப்படியே. தட்டில் இருப்பது எண். எந்த டிரைவ் படித்தாலும் அதே எண்தான் வரும். பிளேயர் கெட்டுப்போனால் இன்னொன்று, அதுவும் போனால் இன்னொன்று. அவசரம் வேறு இடத்தில் இருக்கிறது. ஸ்டூடியோக்காரர் கொடுத்தவை பெரும்பாலும் எழுதக்கூடிய தட்டுகள். அவற்றின் சாயம் வெளிச்சத்திலும் வெப்பத்திலும் ஈரத்திலும் மங்கும். மாமியின் இரண்டாவது வி.சி.டி.யில் கடைசிப் பத்து நிமிடம் படிக்கவே வரவில்லை. தட்டுக்குச் செய்ய வேண்டியது நகல், கேபிள் இல்லை.

நாடாவின் கதை முற்றிலும் வேறு. கேசட்டைத் திறந்து பார்த்தால் அரை அங்குல அகலத்தில் ஒரு பழுப்பு நாடா. அதில் படம் சாய்வான கோடுகளாகப் பதிந்திருக்கிறது. டெக்குக்குள் ஒரு பளபளப்பான உருளை நிமிடத்துக்கு 1500 சுற்று, அதாவது நொடிக்கு 25 சுற்று சுற்றுகிறது. அதில் எதிரெதிரே பொருத்திய இரண்டு ஹெட். ஒவ்வொன்றும் ஒரு சாய்கோட்டை வருடி ஓர் அரைப்படத்தை எடுக்கிறது. உருளை ஒருமுறை சுற்றினால் ஒரு முழுப்படம். அந்தச் சுற்றின் வேகம், நாடாவின் இழுப்பு, ஹெட்டின் தேய்மானம், டிராக்கிங் திருகின் நிலை எல்லாம் சேர்ந்தால்தான் படம். எனவே நாடாவில் இருப்பது பாதிப் பதிவு. மறுபாதி அதைப் படிக்கும் டெக்கில் இருக்கிறது. ஜப்பானின் ஃபுனாய் நிறுவனம் 2016 ஜூலையில் வி.சி.ஆர். தயாரிப்பை நிறுத்தியதோடு உலகில் புது டெக் வருவது நின்றுவிட்டது. அந்த மறுபாதி இனிக் குறைந்துகொண்டே போகும்.

குரல் எங்கே இருக்கிறது என்பதையும் மாமிக்காகப் பார்த்தேன். சாதாரண வி.எச்.எஸ்.ஸில் ஒலி நாடாவின் மேல் ஓரத்தில் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் அகலக் கோடாக ஓடுகிறது. நாடாவின் வேகம் நொடிக்கு இரண்டரை சென்டிமீட்டரைக்கூட எட்டாது; பாட்டுக் கேசட்டின் வேகத்தில் பாதி. மெலிந்த குரல், அதுவும் ஓரத்தில். கேரளத்தின் ஈரத்தில் பூஞ்சணம் முதலில் பிடிப்பதும் ஓரத்தைத்தான். மாமியின் கேசட் ஜன்னலை வெளிச்சத்தில் பிடித்தபோது சுருளின் மேல் வெள்ளைப் பொடி தூவினாற்போல் தெரிந்தது. அதை அப்படியே டெக்கில் போட்டால் பூஞ்சணம் ஹெட்டில் ஒட்டும். ஒட்டியது அடுத்த கேசட்டுக்கும் போகும். ஒட்டிப்போன சுருளை இழுத்தால் நாடாவே கிழியலாம். ஆகவே போடுவதற்கு முன்பு சுத்தம். ஹெட்டைப் பஞ்சுக்குச்சியால் தேய்க்கக் கூடாது, நூல் சிக்கி ஹெட்டையே பெயர்த்துவிடும். ஐசோபுரொபைல் ஆல்கஹால் தோய்த்த மான்தோல் குச்சியால், உருளை சுற்றும் திசையிலேயே மெல்லத் துடைக்க வேண்டும், மேலும் கீழுமாகக் கூடாது. நாடாவைத் துடைப்பதைக் கைபழகிய மெக்கானிக்கிடம் விட்டேன்.

பிறகு டப்பா வழியாக ஐந்து நிமிடம் மட்டும், கல்யாணத்துக்கு முன்னால் வரும் வெறும் பெயர்ப்பலகைப் பகுதியில் சோதித்தேன். படம் வந்தது, மேல் ஓரம் கொடி போல் ஒருபக்கம் வளைந்தது, திடீரென நீலத் திரையானது, மறுபடி வந்தது. மூன்றாவது அளவுகோலில் டப்பா தோற்ற இடம் இது. நாடா இழுபடுவதால் ஒவ்வொரு வரியும் இம்மி முன்னே பின்னே தொடங்குகிறது. பிக்சர் டியூபின் கதிர் அந்தத் தள்ளாட்டத்தோடு கூடவே போகும், கண்ணுக்குத் தெரியாது. எண்ணாக மாற்றும் கருவி கடிகாரத்தை வைத்து எண்ணுகிறது. வரி நேரம் தவறினால் சிக்னல் இல்லை என்று கதவைச் சாத்திவிடுகிறது. டிவியின் ஏ.வி. துளையில் நேராகக் கொடுத்தபோது வளைவு குறைந்தது, நீலத்திரை இரண்டு தடவைதான் வந்தது. படத்தின் அடியில் ஒரு நடுங்கும் கோடு மட்டும் இருந்தது. அது எப்போதும் இருந்ததுதான். பழைய டிவியின் சட்டம் மறைத்து வைத்திருந்தது.

அப்படியானால் பழைய பிக்சர் டியூப் டிவியிலேயே பார்த்துவிட்டால் என்ன? வலுவான வாதம். நாடாவைப் பார்ப்பதற்கென்றே பிறந்த கருவி அதுதான், உருவம், அசைவு, நிலைப்பு மூன்றிலும் எந்தப் புதுத் திரையும் அதற்கு ஈடில்லை. யார் வீட்டிலாவது ஓடும் நிலையில் இருந்தால் காயலான் கடைக்குப் போடாதீர்கள். ஆனால் நான்காவது கேள்விக்கு அது பதில் சொல்லவில்லை. அதில் பத்து தடவை பார்த்தால் நாடா பத்து தடவை ஹெட்டில் உரசுகிறது, மிச்சமாக எதுவும் கையில் தங்குவதில்லை.

பழைய கல்யாணப் படத்துக்கு இவ்வளவு பாடா என்று கேட்பவரும் உண்டு. எங்கள் கரமனையில் வாழ்ந்த கீர்த்தனாசிரியர் நீலகண்ட சிவன் 1900இல் காலமானார். இந்தியாவில் முதல் கிராமபோன் பதிவு 1902இல் நடந்தது. இரண்டே வருஷம். அவர் கீர்த்தனைகள் வாய்வழியாக வந்து சேர்ந்தன, பாபநாசம் சிவன் போன்றவர்கள் அவர் வழியை நெஞ்சில் ஏந்திக்கொண்டார்கள். அவர் குரல் எப்படி இருந்தது என்று கேட்க இனி யாருக்கும் வழியில்லை. அன்று கருவி இல்லை. இன்று கருவி இருந்தது, பதிந்தும் வைத்தோம், பரணில் போட்டு இழந்தோம் என்று ஆனால் அதற்கு எந்தச் சமாதானமும் சொல்ல முடியாது. ஆஸ்திரேலியாவின் தேசிய திரைப்பட ஒலி ஆவணக் காப்பகம் காந்த நாடாக்களுக்கு 2025ஐக் கெடுவாக வைத்து 2015லேயே எச்சரித்தது. குளிர் அறையில் வைத்துக் காக்கும் ஒரு தேசத்துக்கே அந்தக் கெடு என்றால், கரமனை ஆற்றங்கரைப் பரணுக்கு?

இனித் தீர்ப்பு. தட்டு வைத்திருப்பவர் பிளேயரை மறந்துவிட்டுக் கோப்பை நகலெடுக்க வேண்டும். பார்ப்பதற்கு ஆசையாக இருந்தால் எச்.டி.எம்.ஐ., இல்லாவிட்டால் கம்போனென்ட், அதுவும் இல்லாவிட்டால் டிவியின் ஏ.வி. துளை என்ற வரிசை போதும். மலிவு டப்பா, டிவியில் ஏ.வி. துளையே இல்லாதவருக்கு, அதுவும் தட்டுக்கு மட்டும். நாடாவை டிவியோடு இணைக்கும் கேள்வியையே மாற்றிக் கேட்க வேண்டும். டெக்கைக் கணினியோடு, அல்லது ஓடும் நிலையில் உள்ள ஒரு டி.வி.டி. ரெக்கார்டரோடு இணைத்து, சுத்தம் செய்த நாடாவை ஒருமுறை முழுதாக ஓடவிட்டு, 720 பெருக்கல் 576இல், நொடிக்கு 25 படமாக, நாலுக்கு மூன்றாகவே பதிய வேண்டும். நொடிக்கு 8 மெகாபிட் வைத்தால் மூன்று மணி நேரக் கேசட் 11 ஜி.பி.க்குள் அடங்கும். ஸ்டூடியோவில் கொடுத்தாலும் புள்ளி அளவு, படவேகம், வடிவம் என்ற இந்த மூன்றையும் சொல்லிக் கொடுங்கள். படத்தை இழுத்து அகலத்திரை ஆக்கித் தந்தால் வாங்காதீர்கள். பதிவான கோப்பை இரண்டு இடத்தில் வைத்துவிட்டால், பிறகு எந்த டிவியிலும் எத்தனை தடவையும் பார்க்கலாம். நாடா உரசாது.

மாமியின் கேசட் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரே மூச்சில் பதிவானது. நான்கு இடத்தில் படம் கலைந்தது, ஓர் இடத்தில் ஒலி மங்கியது. மாமா குரல் தப்பியது: பந்தியில் நின்று யாரையோ "இன்னுங் கொஞ்சம் பாயசம்" என்று உபசரிக்கிறார், ஏழெட்டு விநாடி. எங்கள் டிவியில் அதைப் போட்டேன். மாமி "இன்னொரு தடவை" என்றார். போட்டேன். மறுபடி கேட்டார், மறுபடியும் போட்டேன்.